எங்கே தொடங்கினாலும் 6174

இந்தப் பாடத்தைப் படிக்கும்போது கையில் ஒரு சிலேட்டும் பல்பமும் இருக்கட்டும். தாளும் பென்சிலும் இருந்தாலும் போதும். இது கண்ணால் மட்டும் படிக்கும் பாடம் அல்ல. கையால் போட்டுப் பார்க்கும் பாடம்.

1. எண்ணை வாசிப்போம்

6174.

இந்த எண்ணை வாய்விட்டு வாசியுங்கள். ஆறாயிரத்து நூற்று எழுபத்து நான்கு.

இதில் நான்கு இலக்கங்கள் இருக்கின்றன. 6 ஆயிரத்தின் இடத்தில் இருக்கிறது. 1 நூறின் இடத்தில் இருக்கிறது. 7 பத்தின் இடத்தில் இருக்கிறது. 4 ஒன்றின் இடத்தில் இருக்கிறது.

இலக்கம் இடம் மாறினால் மதிப்பும் மாறும். இதே நான்கு இலக்கங்களை 7641 என்று எழுதினால் அது ஏழாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஒன்று. 1467 என்று எழுதினால் ஆயிரத்து நானூற்று அறுபத்து ஏழு. இலக்கங்கள் அதேதான். இடம்தான் வேறு.

இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இந்தப் பாடம் முழுவதும் இடம் மாறுவதைப் பற்றியதுதான்.

2. ஒரு கழித்தல் கணக்கு

நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக் கொள்வோம். 3524 என்று வைத்துக் கொள்வோம்.

முதல் வேலை. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். 5432 வரும்.

இரண்டாம் வேலை. அதே இலக்கங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 2345 வரும்.

மூன்றாம் வேலை. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள்.

5432 – 2345 = 3087

இப்போது 3087-ஐ எடுத்துக் கொண்டு இதே மூன்று வேலைகளையும் செய்யுங்கள். பெரியதாக அடுக்கினால் 8730. சிறியதாக அடுக்கினால் 0378. முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். அதுவும் ஓர் இலக்கம்தான்.

8730 – 0378 = 8352

மறுபடியும் செய்யுங்கள்.

8532 – 2358 = 6174

மறுபடியும் செய்யுங்கள்.

7641 – 1467 = 6174

மீண்டும் 6174 வந்துவிட்டது! இனி எத்தனை தடவை செய்தாலும் 6174-தான் வரும். கணக்கு அங்கே நின்றுவிட்டது.

3. வேறு எண்ணை எடுத்தால்?

"இது அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் நடந்திருக்கும்" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது நல்லதுதான். ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வேறு எண்ணைப் போட்டுப் பார்ப்போம்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டு 1947. அதை எடுப்போம்.

9741 – 1479 = 8262
8622 – 2268 = 6354
6543 – 3456 = 3087
8730 – 0378 = 8352
8532 – 2358 = 6174

ஐந்து தடவையில் அதே 6174!

இன்னோர் எண். 2000.

2000 – 0002 = 1998
9981 – 1899 = 8082
8820 – 0288 = 8532
8532 – 2358 = 6174

இங்கே நான்கு தடவை. வந்து சேர்ந்த இடம் அதுவேதான்.

உங்களுக்குப் பிடித்த எண்ணை எடுத்துப் போடுங்கள். நீங்கள் பிறந்த ஆண்டைப் போடலாம். பேருந்துச் சீட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் போடலாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருக்கக் கூடாது. 1111 அல்லது 5555 போன்ற எண்ணை எடுத்தால் கழித்தவுடன் பூஜ்யம் வந்துவிடும். மற்ற எல்லா எண்களும் 6174-க்குத்தான் வரும். ஏழு தடவைக்கு மேல் போகாது.

4. இதைக் கண்டுபிடித்தவர் யார்?

மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் நகருக்கு அருகே தேவளாலி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். அவர் பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர்.

அவர் 1905-ஆம் ஆண்டு தஹாணு என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை ஓர் எழுத்தர். கப்ரேகருக்கு எட்டு வயது ஆனபோது தாய் இறந்துவிட்டார். தந்தைதான் அவரை வளர்த்தார். புனே நகரத்தில் பெர்குசன் கல்லூரியில் அவர் படித்தார். 1929-இல் பட்டம் பெற்றார். அதற்கு மேல் அவர் பட்டம் எதுவும் பெறவில்லை.

1930 முதல் 1962 வரை தேவளாலியில் ஆசிரியராக வேலை பார்த்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். மற்ற நேரத்தில் எண்களை எழுதி எழுதிப் பார்ப்பார். அவரிடம் கணிப்பொறி கிடையாது. தாளும் பேனாவும்தான் அவருடைய கருவிகள்.

6174-இன் இந்தக் குணத்தை அவர் 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் எடுத்துச் சொன்னார். அந்நாளில் நாட்டின் கணித அறிஞர்கள் பலர் அவருடைய வேலையைப் பெரிதாக மதிக்கவில்லை. "இது வெறும் விளையாட்டு" என்று ஒதுக்கினார்கள். கப்ரேகர் அதற்காக நிறுத்தவில்லை. தாம் கண்டதைச் சிறு சிறு புத்தகங்களாகத் தாமே அச்சிட்டார்.

1975-இல் அமெரிக்காவைச் சேர்ந்த மார்ட்டின் கார்டனர் என்ற எழுத்தாளர் கப்ரேகரைப் பற்றி ஒரு பெரிய அறிவியல் பத்திரிகையில் எழுதினார். அதன் பிறகு அவர் பெயர் உலகம் முழுவதும் பரவியது. அப்போது அவருக்கு வயது 70. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓய்வூதியம் போதாமல் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளியவர் அவர்.

கப்ரேகர் 1986-இல் காலமானார். இன்று 6174-ஐ 'கப்ரேகர் மாறிலி' என்று உலகமே அழைக்கிறது. மாறிலி என்றால் மாறாத எண் என்று பொருள்.

5. ஏன் தப்பிக்க முடியவில்லை?

எந்த எண்ணை எடுத்தாலும் ஏன் 6174-க்கு வருகிறது? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. காரணம் இருக்கிறது. மெதுவாகப் பார்ப்போம்.

5432-இலிருந்து 2345-ஐக் கழித்தோம். மேலே இருக்கும் எண்ணில் 5 ஆயிரத்தின் இடத்தில் இருக்கிறது. கீழே இருக்கும் எண்ணில் அதே 5 ஒன்றின் இடத்தில் இருக்கிறது. 2 அதற்கு நேர் எதிர். மேலே ஒன்றின் இடத்தில் இருக்கிறது. கீழே ஆயிரத்தின் இடத்தில் இருக்கிறது.

ஆயிரத்துக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் 999. ஆகவே ஓரத்தில் இருக்கும் இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தை 999 ஆல் பெருக்க வேண்டும். 5 – 2 = 3. 3 × 999 = 2997.

நடுவில் 4-ம் 3-ம் இருக்கின்றன. அவை நூறின் இடத்துக்கும் பத்தின் இடத்துக்கும் மாறுகின்றன. நூறுக்கும் பத்துக்கும் வித்தியாசம் 90. 4 – 3 = 1. 1 × 90 = 90.

2997 + 90 = 3087.

சரியாக வந்துவிட்டது அல்லவா? ஆகவே விடை என்ன என்பதை இரண்டு வித்தியாசங்கள்தான் முடிவு செய்கின்றன. ஒன்று ஓர வித்தியாசம். மற்றொன்று நடு வித்தியாசம்.

ஓர வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு வித்தியாசம் ஓர வித்தியாசத்தை விடப் பெரிதாக இருக்க முடியாது. ஏனென்றால் நடு இலக்கங்கள் இரண்டும் ஓர இலக்கங்களுக்கு இடையே அடங்கியவை.

ஓர வித்தியாசம் 1 என்றால் நடு வித்தியாசம் 0 அல்லது 1. இரண்டு வழிகள்.
ஓர வித்தியாசம் 2 என்றால் நடு வித்தியாசம் 0, 1 அல்லது 2. மூன்று வழிகள்.
இப்படியே போனால் ஓர வித்தியாசம் 9-க்குப் பத்து வழிகள்.

2 + 3 + 4 + 5 + 6 + 7 + 8 + 9 + 10 = 54.

0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன. எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கும் பத்து எண்களை நீக்கினால் 9990 எண்கள். முதல் கழித்தலிலேயே இந்த 9990 எண்களும் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன!

பெரிய சந்தைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். ஆனால் உள்ளே நுழைய 54 வாசல்கள்தான். அந்த 54 வாசல்களிலிருந்தும் பாதைகள் ஒரே மரத்தடிக்குப் போகின்றன. அந்த மரத்தடிதான் 6174.

54 எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். நான்கு பேர் பிரித்துக் கொண்டால் ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். முடித்த பிறகு யார் சொல்லையும் நம்ப வேண்டியது இல்லை. நீங்களே உறுதியாகச் சொல்லலாம்.

6. ஒன்பதின் வேலை

மேலே நாம் கண்ட விடைகளை ஒரு வரிசையில் எழுதுவோம். 3087, 8352, 8262, 6354, 1998, 8082, 6174.

ஒவ்வோர் எண்ணிலும் இருக்கும் இலக்கங்களைக் கூட்டுங்கள்.

3 + 0 + 8 + 7 = 18
8 + 3 + 5 + 2 = 18
1 + 9 + 9 + 8 = 27
6 + 1 + 7 + 4 = 18

18-ம் 27-ம் ஒன்பதாம் வாய்பாட்டில் வரும் எண்கள். இந்த விடைகள் எல்லாமே மீதி இல்லாமல் 9 ஆல் வகுபடும். இது ஏன்?

5432 ரூபாயை 9 பேருக்குச் சமமாகப் பங்கு போடுவதாக வைத்துக் கொள்வோம்.

ஆயிரம் ரூபாயில் 999 ரூபாயை ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 111 என்று கொடுத்துவிடலாம். ஒரு ரூபாய் மீதி. ஐந்து ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய் மீதி.

நூறு ரூபாயில் 99 ரூபாயை ஆளுக்கு 11 என்று கொடுத்துவிடலாம். ஒரு ரூபாய் மீதி. நான்கு நூறுக்கு நான்கு ரூபாய் மீதி.

பத்து ரூபாயில் ஆளுக்கு ஒன்று. ஒரு ரூபாய் மீதி. மூன்று பத்துக்கு மூன்று ரூபாய் மீதி.

கடைசியில் இரண்டு ரூபாய் அப்படியே இருக்கிறது.

மீதி எல்லாம் சேர்த்தால் 5 + 4 + 3 + 2 = 14. இது இலக்கங்களின் கூட்டுத்தொகைதான்! 14-இல் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் மீதி 5.

ஆகவே ஓர் எண் 9 ஆல் வகுபடுமா என்று தெரிய வேண்டுமானால் வகுத்துப் பார்க்க வேண்டாம். இலக்கங்களைக் கூட்டினால் போதும். கூட்டுத்தொகை 9 ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் வகுபடும்.

2345-க்கும் இதே கூட்டுத்தொகைதான். அதற்கும் மீதி 5-தான். ஐந்திலிருந்து ஐந்தைக் கழித்தால் ஒன்றும் இல்லை. எனவேதான் இரண்டு எண்களின் வித்தியாசத்தில் மீதியே வருவதில்லை.

இதிலிருந்து ஒரு பெரிய உண்மை கிடைக்கிறது. ஓர் எண்ணில் இலக்கங்கள் எப்படி இடம் மாறினாலும், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 9 ஆல் வகுபடும்.

7. இது எதற்குப் பயன்படும்?

இந்த உண்மை கணக்கு எழுதுகிறவர்களுக்கு மிகவும் உதவும். ஒரு மகளிர் குழுவின் கணக்கை எடுத்துக் கொள்வோம். இது எந்த ஊர்க் குழுவிலும் நடக்கக் கூடியது.

ஐந்து பெண்கள் அந்த மாதம் சேமிப்புப் பணம் கட்டினார்கள். பொருளாளர் பதிவேட்டில் இப்படி எழுதியிருந்தார்.

முதல் உறுப்பினர் – 630
இரண்டாம் உறுப்பினர் – 425
மூன்றாம் உறுப்பினர் – 250
நான்காம் உறுப்பினர் – 180
ஐந்தாம் உறுப்பினர் – 540
மொத்தம் – 2025

பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். 1755 ரூபாய்தான் இருந்தது. 270 ரூபாய் குறைந்தது.

"பெட்டி உங்க வீட்டிலதானே இருந்துச்சு? பணம் எங்கே போச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

பொருளாளரின் முகம் வாடிவிட்டது. "நான் ஒரு காசு கூடத் தொடலை" என்றார். அவருக்குக் கண் கலங்கியது.

குழுவில் இளையவர் ஒருவர் எழுந்தார். அறிவொளி மையத்தில் படித்தவர் அவர்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. யாரையும் பேசுறதுக்கு முன்னால கணக்கைப் பார்ப்போம். குறையுறது 270. ரெண்டும் ஏழும் ஒன்பது. அப்போ இது ஒன்பதுல வகுபடும். எங்கேயாவது இலக்கம் இடம் மாறி இருக்கலாம்."

"எந்த இடத்திலன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று பொருளாளர் கேட்டார்.

"நூறும் பத்தும் இடம் மாறினா வித்தியாசம் தொண்ணூறு தொண்ணூறா வரும். 270-ல மூணு தொண்ணூறு இருக்கு. அதனால நூறுக்கும் பத்துக்கும் மூணு வித்தியாசம் இருக்கணும். பதிவேட்டுல தொகை கூடுதலா இருக்கு. அதனால நூறின் இலக்கம்தான் பெரிசா இருக்கணும். 630-ஐப் பாருங்க. 6-லே 3 போனா 3. இதுதான் அந்த இடம்னு தோணுது. இந்த அக்காவோட பாஸ் புத்தகத்தைக் கொடுங்க."

பாஸ் புத்தகத்தைப் பார்த்தார்கள். அதில் 360 என்று இருந்தது. பதிவேட்டில் எழுதும்போது 360 என்பது 630 ஆகிவிட்டது! திருத்தி எழுதினார்கள். மொத்தம் 1755 வந்தது. பெட்டியில் இருந்த பணமும் 1755. ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை.

கேள்வி கேட்டவர் பொருளாளரின் கையைப் பிடித்துக் கொண்டார். "தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றார்.

இங்கே இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும்.

ஒன்று. வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறி இருக்கலாம். மாறித்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. 90 ரூபாய் நிஜமாகவே தொலைந்து போகவும் கூடும். ஆகவே பாஸ் புத்தகத்தையோ ரசீதையோ பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு. வித்தியாசம் 9 ஆல் வகுபடாவிட்டால், தவறு இலக்கம் இடம் மாறியதால் மட்டும் வந்தது அல்ல. வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஒரு வரி விட்டுப் போயிருக்கலாம். கூட்டலில் தவறு இருக்கலாம்.

கூலிக் கணக்கிலும், பால் கணக்கிலும், கடைக்காரரின் பற்றுக் கணக்கிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

8. மகிழ்ச்சி தரும் எண்கள்

கப்ரேகர் வேறு பல எண்களையும் கண்டார். ஒரு வகை எண்ணுக்கு 'ஹர்ஷத்' என்று பெயர் வைத்தார். இது சமஸ்கிருதச் சொல். மகிழ்ச்சி தருவது என்று பொருள்.

ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையால் அதே எண்ணை மீதி இல்லாமல் வகுக்க முடிந்தால் அது ஹர்ஷத் எண்.

21-ஐப் பாருங்கள். 2 + 1 = 3. 21-ஐ 3 ஆல் வகுத்தால் 7. மீதி இல்லை. 21 ஹர்ஷத் எண்.

25-ஐப் பாருங்கள். 2 + 5 = 7. 25-ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 4. ஆகவே 25 ஹர்ஷத் எண் அல்ல.

நம்முடைய 6174? கூட்டுத்தொகை 18. 6174-ஐ 18 ஆல் வகுத்தால் 343. மீதி இல்லை. 6174-ம் ஹர்ஷத் எண்தான். அந்த 343-இலும் ஓர் அழகு இருக்கிறது. 7 × 7 × 7 = 343.

இன்னொரு வகை எண்ணுக்குக் கப்ரேகரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 45-ஐ எடுங்கள். 45 × 45 = 2025. இதை நடுவில் வெட்டுங்கள். 20, 25. இரண்டையும் கூட்டுங்கள். 20 + 25 = 45. புறப்பட்ட எண்ணே திரும்பி வந்துவிட்டது! இதுபோல 55-ம் வரும். 55 × 55 = 3025. 30 + 25 = 55.

அவர் ரயிலுக்கு நின்ற இடத்திலும் எண்களை விடவில்லை. பம்பாய்க்கு அருகே டெம்லோ என்று ஒரு ரயில் நிலையம் இருந்தது. இப்போது அது டோம்பிவிலி. அங்கே அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த எண்களுக்கு 'டெம்லோ எண்கள்' என்று ஊரின் பெயரையே வைத்தார். அவற்றில் சில இவை.

11 × 11 = 121
111 × 111 = 12321
1111 × 1111 = 12,34,321

ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, பாருங்கள்.

9. லட்சத்தில் ஓர் எண்

இனி ஒரு பெரிய எண்ணைப் பார்ப்போம்.

1,42,857

ஒரு லட்சத்து நாற்பத்து இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்து ஏழு.

பெரிய எண்ணை வாசிக்க ஒரு முறை உண்டு. வலப்பக்கத்திலிருந்து முதலில் மூன்று இலக்கம் விட்டு ஒரு காற்புள்ளி. அதற்குப் பிறகு இரண்டிரண்டு இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி. பத்திரத்திலும் வங்கித் தாளிலும் இப்படித்தான் எழுதுவார்கள். கையெழுத்துப் போடும் முன் காற்புள்ளியைப் பாருங்கள். ஒரு பூஜ்யம் கூடினால் கடன் பத்து மடங்கு ஆகிவிடும்.

பத்து லட்சம் ரூபாயை 7 பேர் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 1,42,857 ரூபாய் கிடைக்கும். ஒரு ரூபாய் மீதி இருக்கும். இப்போது இந்த எண்ணைப் பெருக்கிப் பாருங்கள்.

1,42,857 × 2 = 2,85,714
1,42,857 × 3 = 4,28,571
1,42,857 × 4 = 5,71,428
1,42,857 × 5 = 7,14,285
1,42,857 × 6 = 8,57,142

விடைகளை உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அதே ஆறு இலக்கங்கள். வரிசை கூட மாறவில்லை. ராட்டினம் சுற்றுவது போல முன்னால் இருப்பது பின்னால் போகிறது. 7 ஆல் பெருக்கினால்தான் ராட்டினம் நிற்கிறது. 9,99,999 வருகிறது.

இந்த எண்ணை இதே எண்ணால் பெருக்கினால் 20,40,81,22,449. இரண்டாயிரத்து நாற்பது கோடியே எண்பத்து ஒரு லட்சத்து இருபத்து இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்து ஒன்பது. இதைக் காற்புள்ளி இல்லாமல் எழுதி வலப்பக்கம் ஆறு இலக்கம் விட்டு வெட்டுங்கள். 20408, 122449. இரண்டையும் கூட்டுங்கள். 1,42,857! ஆகவே இதுவும் கப்ரேகர் எண்தான்.

எண்கள் படித்தவர்களுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. கூட்டவும் கழிக்கவும் தெரிந்த எல்லாருக்கும் சொந்தமானவை. கப்ரேகர் பயன்படுத்தியது பெரும்பாலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்தான். அவை உங்களுக்கும் தெரியும். யாராவது ஒரு கணக்கைச் சொன்னால் தலையாட்ட வேண்டாம். பல்பத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. இந்த எண்களை எழுத்தால் எழுதுங்கள்: 3087, 8352.

2. கப்ரேகர் தேவளாலியில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு 1930. அதை எடுத்துக் கணக்குப் போடுங்கள். எத்தனை தடவையில் 6174 வருகிறது?

3. கப்ரேகர் பிறந்த ஆண்டு 1905. இது எத்தனை தடவையில் 6174-க்கு வருகிறது?

4. 352 என்ற மூன்று இலக்க எண்ணை எடுங்கள். இதே முறையில் அடுக்கிக் கழித்துக் கொண்டே போங்கள். எந்த எண்ணில் நிற்கிறது?

5. 72 என்ற இரண்டு இலக்க எண்ணை எடுத்துச் செய்யுங்கள். என்ன நடக்கிறது?

6. 4176, 5230, 8082. இவற்றில் எவை 9 ஆல் வகுபடும்? வகுக்காமல் சொல்லுங்கள்.

7. பால் கணக்கில் 45 ரூபாய் வித்தியாசம் வருகிறது. இலக்கம் இடம் மாறி இருக்கலாமா? 50 ரூபாய் வித்தியாசம் என்றால்?

விடைகள்

1. மூவாயிரத்து எண்பத்து ஏழு. எட்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்து இரண்டு.

2. மூன்று தடவை. 9171, 8532, 6174.

3. ஏழு தடவை. 9351, 8172, 7443, 3996, 6264, 4176, 6174. இதை விட அதிகமாக எந்த எண்ணுக்கும் ஆகாது.

4. 297, 693, 594, 495. பிறகு 495-இலேயே நிற்கும்.

5. 45, 09, 81, 63, 27, மறுபடியும் 45. எங்கும் நிற்காமல் செக்கு மாடு போலச் சுற்றிக் கொண்டே இருக்கும்.

6. 4176-ம் 8082-ம் வகுபடும். இரண்டிலும் கூட்டுத்தொகை 18. 5230 வகுபடாது. அதன் கூட்டுத்தொகை 10.

7. 45 என்றால் மாறி இருக்கலாம். ரசீதைப் பார்க்க வேண்டும். 50 என்றால் அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு தவறைத் தேட வேண்டும்.

சொல்லும் பொருளும்

இலக்கம் – எண்ணை எழுதப் பயன்படும் 0 முதல் 9 வரையான குறிகள்
வித்தியாசம் – கழித்தால் கிடைக்கும் விடை
கூட்டுத்தொகை – கூட்டினால் கிடைக்கும் விடை
மீதி – வகுத்த பிறகு எஞ்சி நிற்பது
மாறிலி – மாறாத எண்
பதிவேடு – வரவு செலவு எழுதி வைக்கும் புத்தகம்